கரியாலூர் ஏரியில் படகு... களத்துமேட்டில் மல்லாட்டை!

திருநாவலூர் வட்டாரம் தட்டையான பூமி. எந்தத் திசையில் நடந்தாலும் கரும்பு, நெல், மணிலா, உளுந்து. இடையிடையே ஏரிக்கரைப் பனைமரங்கள். சுந்தரர் பிறந்த ஊர் என்பதால் பக்தஜனேஸ்வரர் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள். கோயிலின் தலமரம் நாவல், ஊர்ப்பெயரும் அதிலிருந்துதான். ஆனால், வெளியூர்க்காரர்கள் இங்கே வருகிற அளவுக்கு உள்ளூர் விவசாயிகள் வெளியே போவதில்லை. பணம் மட்டுமே காரணம் அல்ல. மாடு கறக்க ஆள் வேண்டும், மோட்டார் போட ஆள் வேண்டும், களத்தில் காயும் விளைச்சலுக்குக் காவல் வேண்டும். இவை எல்லாம் அமைந்தாலும் கடைசியில் வானம் ஒத்துவர வேண்டும்.

இந்த ஒன்றியத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த தம்பதி, திருமணமாகி 25 ஆண்டுகள் முடிந்ததற்காக ஒரே ஒரு நாள் கல்வராயன் மலைக்குப் போய்வந்தார்கள். 'பேரைப் போட்டுடாதீங்க, ஊரே சிரிக்கும்' என்பது அந்த அம்மாவின் கட்டளை. படகு ஓட்டப் போனோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அவ்வளவு கூச்சம். போன அன்றைக்கு மலையிலும் ஊரிலும் வானம் நடந்துகொண்ட விதம், சிரிப்பை விடப் பெரிய விஷயம்.

'அது என்னா, வாழமட்ட மாதிரி இருக்குது?'

ஆசையைக் கிளப்பியவர் சென்னையில் வேலை பார்க்கும் மகள். முட்டுக்காடு படகுத் துறையில் தோழியோடு 'கயாக்' ஓட்டிய காணொலியை அம்மாவின் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். ஒல்லியாக, நீளமாக, தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பை வலமும் இடமுமாகப் போட வேண்டும்.

"ஏங்க, இதுல ரெண்டு பேரு உக்காரலாமாம்."

"அது என்னா, வாழமட்ட மாதிரி இருக்குது? உக்காந்தா போதுமா, எழுந்திரிக்க வேணாமா?"

கயாக் என்பது வடதுருவப் பனிநாட்டில் வாழும் இனூயிட் மக்களின் படகு. மிதந்து வந்த மரக்கட்டையிலும் திமிங்கில எலும்பிலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்குப் பயன்படுத்தினார்கள். நம் ஒகேனக்கல் பரிசலும் ஏறக்குறைய இதே யோசனைதான். மூங்கில் சட்டம், அதன்மேல் முன்பெல்லாம் மாட்டுத்தோல். கிடைக்கிற பொருளில் படகு செய்வது எல்லா நாட்டு ஏழைகளுக்கும் தெரிந்த வித்தை. இன்றைக்கு அது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு உல்லாசப் படகாகிவிட்டது.

முட்டுக்காட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. கல்வராயன் மலையில் கரியாலூரில் ஒரு படகுக் குழாம் இருக்கிறது. அங்கே கயாக் கிடையாது, காலால் மிதித்து ஓட்டும் படகுதான். 'தண்ணியில உக்காந்தா சரி' என்று அந்த அம்மா இறங்கிவந்தார். கணவரும் சரி என்றார்.

வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மார்கழியில் விதைத்த மணிலாவைப் பிடுங்கி, காய் ஆய்ந்து, களத்தில் கொட்டி மூன்று வெயில் ஆகியிருந்தது. மணிலாக்கொட்டை என்பதுதான் இந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை. ஒன்றரை ஏக்கர் விளைச்சல் மொத்தமும் திறந்த வானத்தின் கீழ் கிடந்தது. இன்னும் இரண்டு வெயில் காய்ந்தால் மூட்டை பிடித்துவிடலாம். அதற்குள் ஒரு நாளைக் களவாடுவதுதான் திட்டம்.

'ஓரிரு இடங்களில்' என்றால் என்ன?

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் வந்த அறிவிப்பு, கோடையில் வழக்கமாக வருவதுதான்: வெப்பச்சலனம் காரணமாக உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை பெய்யக்கூடும். கணவர் அதை 'லேசாத் தூறும்' என்று எடுத்துக்கொண்டார். அவர் மட்டுமல்ல, வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வரும் விவசாயிகளில் பாதிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

'ஓரிரு இடங்களில்' என்ற சொல் மழையின் அளவைச் சொல்வதில்லை, பரப்பைச் சொல்கிறது. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கோ அதற்குக் குறைவாகவோ மழை பதிவாகும் என்பதே பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். மழையின் அளவுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. இந்த மூன்றுக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறங்களும் உண்டு. ஆக, 'ஓரிரு இடங்களில்' பெய்கிற மழை, பெய்கிற இடத்தில் கொட்டித் தீர்த்துவிடலாம். பக்கத்து ஊரில் ஒரு சொட்டும் விழாமலும் போகலாம். அந்த ஓரிரு இடம் உங்கள் களமா, அடுத்தவர் களமா என்று முதல் நாள் இரவே சொல்ல எந்தக் கருவியாலும் இன்றைக்கு முடியாது.

அந்த அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால், காலையிலேயே புழுக்கம் அதிகமாக இருந்ததைக் கவனித்தார். வாசல் தெளித்த தண்ணீர் வழக்கத்தைவிட மெதுவாகக் காய்ந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தனார் மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்:

"ரெண்டு மணிக்கு மேல மேக்கால பாத்துக்கிட்டே இரும்மா. கருக்க ஆரம்பிச்சா யோசிக்காத. மல்லாட்டைய கூட்டிக் குமிச்சு, படுதாவ போட்டு, சுத்தியும் கல்லு வெச்சுடு."

"கருத்துட்டு மழ வரலன்னா?"

"வரலன்னா திரும்ப பரப்பிக்கலாம். வந்துட்டா எதப் பரப்புறது?"

கணவருக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. நல்ல வெயில் நேரத்தில் காயை மூடிவைத்தால் ஒரு நாள் காய்ச்சல் போய்விடுமே என்பது அவர் கணக்கு. இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வெயிலில் படுதாவுக்குள் காய் புழுங்கினால் அதுவும் கெடுதல்தான். அதனால்தான் முன்கூட்டியே மூடாமல், மேற்கே பார்த்து மூடச் சொன்னார் அந்த அம்மா.

உளுந்தூர்பேட்டையிலிருந்து மலைக்கு

வண்டியை உளுந்தூர்பேட்டையில் விட்டுவிட்டுப் பேருந்து. உளுந்து விளைகிற பூமி என்பது ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அங்கிருந்து சேலம் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி. இந்தச் சாலையில் பகலில் பயணம் செய்கிற விவசாயிக்கு அலுப்பே தட்டாது. ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் கரும்பு. சின்னசேலம் பக்கம் நெருங்க நெருங்க மரவள்ளி கூடும், அந்தக் கிழங்கை வாங்கும் சேகோ ஆலைகளும் கூடும்.

கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி, கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. மலை இறங்குகிற இடத்தில், 1960-களில் கட்டியது. முழுக் கொள்ளளவு 46 அடி. மலையிலிருந்து வரும் கல்படை, பொட்டியம் போன்ற காட்டாறுகள்தான் இதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அணையைத் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பிக்கிறது. காது லேசாக அடைக்கிறது. ஜன்னல் வழியாக வரும் காற்றில் அனல் குறைகிறது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம். வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, மரவள்ளி, மஞ்சள் பயிரிடுகிறார்கள். கடுக்காய், தேன், புளி சேகரிக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கடைத்தெருவும் கூட்டமும் இல்லை. அது குறை என்று நினைக்கிறவர்கள் வேறு ஊருக்குப் போகலாம். சாலையோரத்தில் ஓர் அம்மா மரவள்ளிக்கிழங்கைக் குவித்து வைத்திருந்தார். 'எந்தக் குச்சி நட்டது, எத்தனை மாசத்துக் கிழங்கு' என்று விசாரிப்பதிலேயே தம்பதிக்குப் பத்து நிமிடம் போனது. உல்லாசப் பயணம் போனாலும் விவசாயி விவசாயிதான்.

வழியில் சாலையை ஒட்டியே பெரியார் நீர்வீழ்ச்சி. கோடையில் நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. நாலைந்து இளைஞர்கள் பாறையில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். 'வரும்போது பாத்துக்கலாம்' என்று பேருந்திலேயே இருந்துவிட்டார்கள்.

மிதித்தால் வட்டம் போடும் படகு

கரியாலூர் ஏரி பெரிய ஏரி அல்ல. திருநாவலூர்ப் பக்கத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் குட்டை என்றுகூடச் சொல்லலாம். ஆனால், சுற்றிலும் மரமும் மேடும் சூழ்ந்து, தண்ணீரில் அதன் நிழல் விழும்போது அழகு. கோடை விழா நடக்கும் நாட்களில் இங்கே நிற்க இடம் இருக்காது. அவர்கள் போன அன்று கூட்டம் குறைவு.

படகுத் துறையில் இருந்தவர் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார்.

"எனக்கு நீச்சல் தெரியும் தம்பி. கெணத்துல குதிச்சு வளந்தவன்."

"தெரிஞ்சாலும் போட்டுக்குங்க பெரியப்பா. போடாம எறங்கக் கூடாது."

அவர் பிடிவாதம் சரியானது. கிணற்றில் நீந்துகிறவர், தானே முடிவு செய்து குதிக்கிறார். படகு கவிழ்ந்தால் வேட்டி, சட்டை, பயம் எல்லாவற்றோடும் சேர்த்து விழ வேண்டியிருக்கும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏறியிருந்தார்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. மார்பில் இருக்கும் பட்டைகளை இழுத்துக் கட்டினால்தான் அந்த ஜாக்கெட்டுக்குப் பயன். தோளில் சும்மா மாட்டிக்கொண்டால் தண்ணீரில் அது மட்டும் மேலே வரும்.

முதல் பத்து நிமிடம் படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. ஒருவர் முன்னால் மிதிக்க, இன்னொருவர் பின்னால் மிதித்தால் என்ன ஆகும்? சுக்கானை யார் பிடிப்பது என்பதில் வேறு தகராறு. "இருபத்தஞ்சு வருசமா நீங்கதான புடிச்சீங்க, இன்னிக்கு நான் புடிக்கிறேன்" என்று அந்த அம்மா வாங்கிக்கொண்ட பிறகு படகு நேராகப் போனது. ஏரியின் நடுவில் நிறுத்தி, கொண்டுபோன புளிச்சோற்றை எடுத்துச் சாப்பிடலாமா என்று யோசித்தார்கள். மணி இரண்டு இருக்கும். உச்சியில் வெயில், தண்ணீரில் சிலுசிலு காற்று. செல்போனில் சிக்னல் இல்லாததுகூட அந்த நேரத்தில் நல்லதாகத்தான் பட்டது.

மலைக்குப் பின்னாலிருந்து வரும் மேகம்

சமவெளியில் இருப்பவர்கள் மழையைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள். மேற்கே கருத்து, மின்னல் வெட்டி, காற்று மாறி, மண்வாசனை வந்து, அதற்குப் பிறகுதான் மழை. வரப்பில் நிற்பவருக்கு அரைமணி நேரமாவது அவகாசம் கிடைக்கும். மலைக்குள் அந்த அவகாசம் கிடையாது. சுற்றிலும் மேடு இருப்பதால் அடிவானம் தெரிவதில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் மேகம் வளர்ந்துகொண்டே இருக்கும். தலைக்கு நேரே வந்தபிறகுதான் கண்ணில் படும்.

அதோடு, அந்த மேகத்தை வளர்ப்பதே மலைதான். வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்கிக்கொள்ள முடியாது. மேகமாகி, இடிமழையாகக் கொட்டிவிடுகிறது. காலையில் துடைத்துவைத்த மாதிரி வானம், மதியத்துக்கு மேல் இடி என்பது கோடையில் மலையின் வழக்கம். அதனால் மலையில் தண்ணீர் விளையாட்டு எதுவானாலும் முற்பகலில் முடித்துக்கொள்வது நல்லது. இதை எந்தச் சுற்றுலா விளம்பரமும் சொல்வதில்லை.

முதலில் மாறியது காற்று. அதுவரை முகத்தில் பட்டது, திடீரென்று முதுகில் பட்டது, குளிராக. வெயில் மங்கியது. மேட்டுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். கணவர் வாய்விட்டு எண்ணினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னிரண்டில் இடி கேட்டது.

இந்த எண்ணிக்கை சின்ன வயதில் எல்லோரும் விளையாட்டாகச் செய்தது. அதற்குள் கணக்கு இருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். பன்னிரண்டு விநாடி என்றால் மின்னல் நாலு கிலோமீட்டரில். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது.

துறையிலிருந்து விசில் சத்தம். எல்லாப் படகுகளையும் கரைக்குக் கூப்பிட்டார்கள். இவர்கள் படகு எதிர்க்கரைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அந்த மரத்தடியில ஒதுங்கிடலாம், கிட்டக்க இருக்குது."

"இடி இடிக்கிறப்ப மரத்தடிக்கா? நம்ம ஊர்ல பனமரத்துல உழுந்தத மறந்துட்டீங்களா? மிதிங்க."

மிதித்தார்கள். மிதி படகின் சங்கடம் இப்போதுதான் தெரிந்தது. அடிப்பாகம் அகலம், மேலே கூரை. எதிர்க்காற்று கூரையைப் பிடித்துத் தள்ள, இரண்டு மிதிக்கு ஒரு மிதி வீண். கயாக் தாழ்வாகக் கிடப்பதால் காற்றுக்கு அவ்வளவு இடம் கொடுக்காது, ஆனால் பழக்கம் இல்லாதவர் அலையில் கவிழ்ந்துவிடுவார். எந்தப் படகானாலும், திறந்த தண்ணீரில் உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் மனிதன்தான். நாற்றுவிட்ட வயலின் நடுவே மண்வெட்டியோடு நிற்பவரின் நிலையும் அதேதான். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலில் வேலை செய்தவர்களும் ஆடுமாடு மேய்த்தவர்களும்தான். படகில் போகிறவருக்கு விசில் ஊத ஒருவர் இருக்கிறார். களை எடுக்கிற பெண்களுக்கு யார் ஊதுவது?

அவர்கள் கரையேறி, துறையில் இருந்த கட்டடத்துக்குள் நுழையவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எதிர்க்கரை மறைந்துவிட்டது. தகரத்தில் கல் கொட்டுவது மாதிரி சத்தம். முக்கால் மணி நேரம். அந்த அம்மாவுக்கு ஏரி நினைப்பே இல்லை. சிக்னல் இல்லாத செல்போனை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இங்க இப்படிக் கொட்டுதே, அங்க மல்லாட்ட என்னா ஆச்சோ..."

நனைந்த காயின் கதை

அந்தப் பதற்றத்தில் அர்த்தம் இருக்கிறது. பிடுங்கும்போது மணிலாக்காயில் ஈரம் 40 சதவிகிதம் வரை இருக்கும். அதை 8 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தால்தான் மூட்டை பிடித்துச் சேமிக்க முடியும். காயைக் காதருகில் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். பாதி காய்ந்த காய் மறுபடி நனைந்தால், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பருப்பிலிருந்து வந்த பிண்ணாக்கை மாடு தின்றால் பாலிலும் நஞ்சு இறங்கும். வியாபாரி விலையைக் குறைக்கிறான் என்று கோபப்படுகிறோம். கறுத்த பருப்பை நம் பிள்ளைகளுக்கு நாமே வறுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

காய் நனைந்துவிட்டால் குவித்து மட்டும் வைக்காதீர்கள். மழை விட்டதும் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, முளைத்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எறியுங்கள். குவியல் போடும்போது நடுவில் கூம்பாக உயர்த்தி, சுற்றிலும் தண்ணீர் ஓடச் சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால், படுதாவின் மேல் விழுந்த தண்ணீர் அடியில் புகாது. திட்டத்தில் ஒதுக்கீடு வரும் ஆண்டுகளில் தார்ப்பாய் மானிய விலையில் கிடைக்கும்; அறுவடைக்கு முந்தைய மாதமே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவைப்பது நல்லது. களத்தில் காயைக் கொட்டிவிட்டு வந்து கேட்பவர்களே அதிகம்.

நூலாக இருந்த நீர்வீழ்ச்சி

மழை விட்டு, கீழே இறங்கும் பேருந்தில் ஏறினார்கள். காலையில் நூலாக வழிந்த பெரியார் நீர்வீழ்ச்சி இப்போது செம்மண் நிறத்தில், பாறையே தெரியாமல் இரைந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் உட்கார்ந்திருந்த பாறை எது என்று தேடியும் தெரியவில்லை. அவர்கள் முன்பே கிளம்பிவிட்டதாகப் பேருந்தில் ஒருவர் சொன்னார். பலத்த மழைக் காலங்களில் பெரியார், மேகம் நீர்வீழ்ச்சிகளில் குளிக்க வனத்துறை தடை போடுவது இதனால்தான். குளிக்கும் இடத்தில் மழை பெய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலையில் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் இறங்கி, பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது — இதில் ஒன்று தெரிந்தாலும் துணியை எடுப்பதற்குக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 4,000 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் மலைக்கு இதைப் போட்டுப் பாருங்கள், ஐந்து கோடி லிட்டர். பாறைச் சரிவில் அதில் பெரும்பகுதி ஊறாமல், ஒரே ஓடைக்கு, ஒரே நேரத்தில் வந்துசேர்கிறது.

இதையே பத்து, நூறு மடங்காகத் திருநாவலூர் வட்டாரம் 2024-ல் பார்த்தது. நவம்பர் 28 அன்று, வங்கக்கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக நிலைக்காது என்றுதான் கணிப்பு வந்தது. மறுநாளே அது ஃபெஞ்சல் புயலானது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அத்தோடு விடாமல் மேற்கே நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1,68,000 கனஅடி திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மலட்டாற்று வெள்ளம் அரசூரில் தேசிய நெடுஞ்சாலைக்கு மேல் ஓடி, சென்னை - திருச்சி போக்குவரத்தே நின்றது. சம்பா நெல் மூழ்கியது. தலைக்கு மேல் பெய்த மழையைவிட, மேற்கே எங்கோ பெய்த மழைதான் பல ஊர்களை மூழ்கடித்தது. கெடிலம், தென்பெண்ணை, கோமுகி என எந்த ஆற்றங்கரையில் நிலம் இருந்தாலும், நம் ஊர் வானிலையோடு ஆற்றின் மேற்புறத்து மாவட்டத்தின் எச்சரிக்கை நிறத்தையும் பார்த்துவிடுங்கள். அணை நிலவரம் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் இருக்கிறது. செல்போனில் 'மேக்தூத்' செயலி மாவட்ட வாரியான ஐந்து நாள் முன்னறிவிப்பையும் பயிர் ஆலோசனையையும் தமிழிலேயே தருகிறது. 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் நெருங்கினால் எச்சரிக்கும். ஆனால், கரியாலூர் மாதிரி சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டும் ஊமை. அங்கே பன்னிரண்டுவரை எண்ணிய அந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

கச்சிராயபாளையத்தில் புழுதி

அணையைத் தாண்டி இறங்கியதும் தம்பதிக்கு ஆச்சரியம். சாலையில் புழுதி பறந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிக்னல் வந்ததும் அந்த அம்மா ஊருக்குப் பேசினார்.

"மழயா? இங்க ஒண்ணும் இல்லக்கா. ஆனா மூணு மணிக்கு மேக்கால கருத்துது. நீங்க சொன்னாப்ல கூட்டிக் குமிச்சு மூடிட்டேன். ஒத்த ஆளா செஞ்சதுல இடுப்பு போயிடுச்சி."

கணவர் சிரித்தார். "பாத்தியா, ஒரு வெயிலு போச்சு." அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

இரவு ஊர் திரும்பியபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் மாலை நாலு மணிக்கு அரைமணி நேரம் அடித்துப் பெய்திருக்கிறது. அங்கே களத்தில் காய்ந்த மணிலா, ஓரத்துச் சாக்கடை வரை மிதந்துபோயிருக்கிறது. அதுதான் அந்த 'ஓரிரு இடம்'. கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், படுதாவைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். காய் வெதுவெதுப்பாக இருந்தது. காற்றாட ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டு, மறுபடி கல் வைத்தார். கொழுந்தனார் மனைவிக்கு மலைத்தேன் ஒரு பாட்டில் போனது.

கயாக் ஆசை இன்னும் போகவில்லை. பிச்சாவரத்தில் கயாக் இருப்பதாக மகள் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் வந்த அதே சுரபுன்னைக் காடு. கோமுகித் தண்ணீர் மணிமுக்தாவோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, கடைசியில் கடல் சேர்கிற பரங்கிப்பேட்டை அதற்குப் பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே படகுக்குப் போவது சரிவராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீரும் காற்றும் அடங்கும் தை, மாசி நல்ல மாதங்கள். அந்த அம்மா தேதிகூடக் குறித்துவிட்டார். சம்பா அறுத்து, நெல்லை மூட்டை பிடித்து, வைக்கோல் போர் போட்ட மறுவாரம், காலைப் பேருந்தில்.